காரணி ஒன்றுகூடத் தெரியாமல் ‘இது பகு எண்’ என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

2^1277 − 1 என்று ஒரு எண். மொத்தம் 385 இலக்கம். 260 என்று தொடங்கி 71 என்று முடிகிறது. முடிவை நானே கையால் போட்டுப் பார்த்தேன், 2-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கம் இருபதுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, அதனால் 2^17 = 131072 என்பதே போதும், 72-இல் ஒன்று போனால் 71.

விஷயம் அதுவல்ல. இந்த எண் பகு எண் என்பது எழுபது வருடத்துக்கு மேலாகத் தெரியுமாம். ஆனால் இதன் காரணி ஒன்றைக்கூட இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லையாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் 2-ஆல் வகு, 3-ஆல் வகு, 5-ஆல் வகு, எதிலாவது மீதியில்லாமல் போனால் பகு எண், எதிலும் போகாவிட்டால் பகா எண் என்பதுதானே? எதிலும் போகவில்லை, ஆனாலும் பகு எண் என்றால் என்ன அர்த்தம்? ‘அநேகமாகப் பகு எண்ணாக இருக்கும்’ என்று சொல்கிறார்களா, அல்லது உண்மையிலேயே நிரூபித்துவிட்டார்களா? கணிதம் படித்தவன் இல்லை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

நிரூபித்ததுதான், சந்தேகமே வேண்டாம். 367 பேர் ஒரு மண்டபத்தில் இருந்தால் குறைந்தது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டால் தெரியாது. அதுபோலத்தான் இதுவும். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்று தேடிப் பாருங்கள். 2-ஐ எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் பகு எண். முடிந்தது.

மீதி_ஒன்று எழுதியது:

நேர்கோடு சொன்னதில் திசை சரி, ஆனால் 2-ஐ எடுத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 2^11 − 1 = 2047 என்பதை எடுங்கள். 23 × 89, அதனால் பகு எண். இப்போது 2^11 = 2048, அதை 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு, ஆகவே 2^2046-க்கும் மீதி 1-தான். பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறிவிட்டது! அடுக்கில் இருப்பது பகா எண்ணாக இருந்தால் 2^ப − 1 வகை எண் எல்லாமே 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும். 2-இலிருந்து பிறந்த எண்ணிடமே 2-ஐக் கொண்டுபோய் சாட்சி கேட்டால் வேறென்ன சொல்லும். அதனால் 3-ஐ எடுக்கிறார்கள்.

சரி, மெதுவாக வருகிறேன். தேற்றம் சொல்வது இது: ப என்பது பகா எண் என்றால், ப-வால் வகுபடாத எந்த எண்ணையும் (ப − 1)-ஆம் அடுக்குக்கு உயர்த்தி ப-வால் வகுங்கள், மீதி 1 வந்தே தீரும். விதிவிலக்கு கிடையாது. ஒரே ஒரு எண்ணில் தவறினாலும் ப பகா எண் இல்லை.

மெர்சேன் எண்களில் (2^ப − 1 வகைக்கு அதுதான் பெயர், இனிமேல் ப என்பது சோதிக்கும் எண் இல்லை, அடுக்கு) இதை இன்னும் சுலபமாகச் செய்யலாம். அடுக்கை இரண்டு கூட்டிக்கொண்டால் மீதி 1-க்குப் பதில் 3 × 3 = 9 வர வேண்டும். அப்போது அடுக்கு சரியாக 2^ப ஆகிவிடுகிறது. அப்படியென்றால் 3-இல் தொடங்கி ப தடவை வர்க்கம் எடுத்தால் போதும், ஒவ்வொரு தடவையும் வகுத்து மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம், எண் பெருத்துப் போகாது.

31-இல் செய்து பாருங்கள். அது 2^5 − 1, ஐந்து தடவை. 3-இன் வர்க்கம் 9. அதன் வர்க்கம் 81, 31-ஆல் வகுத்தால் மீதி 19. அடுத்து 361, மீதி 20. அடுத்து 400, மீதி 28. அடுத்து 784, மீதி 9. வந்துவிட்டதா? 31 பகா எண், அதனால் வந்துதான் ஆக வேண்டும்.

இப்போது 2047, பதினொரு தடவை: 9, 81, 420, 358, 1250, 639, 968, 1545, 223, 601, 929. கடைசியில் 9 வர வேண்டிய இடத்தில் 929. கதை முடிந்தது, 2047 பகா எண் இல்லை. கவனியுங்கள், 23 என்றோ 89 என்றோ நான் எங்கேயும் வகுத்துப் பார்க்கவில்லை. ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் பத்து நிமிட வேலை, நீங்களே போட்டுப் பாருங்கள்.

2^1277 − 1-க்கும் இதேதான், பதினொன்றுக்குப் பதில் 1277 வர்க்கம். இன்றைய கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. கடைசியில் 9 வராது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை ஒரு பக்கத்துக்குத்தான் சத்தியம் செய்யும். 9 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி. 9 வந்தால் பகா எண் என்று உறுதி சொல்ல முடியாது, 561 = 3 × 11 × 17 போன்ற கார்மைக்கேல் எண்கள் இந்த மாதிரித் தேர்வில் தேறிவிடும் பகு எண்கள். மெர்சேன் எண்களுக்கு இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லும் தேர்வு வேறு இருக்கிறது, லூகாஸ்–லேமர் சோதனை. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும், ப − 2 தடவை. 127-க்கு: 4, 14, 67, 42, 111, 0. பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண், நடுவில் ஒன்றும் கிடையாது.

பழைய_கரும்பலகை எழுதியது:

மேலே சொன்ன லூகாஸ்தான் இந்தக் கூத்தை முதலில் ஆரம்பித்து வைத்தவர். மெர்சேன் 1644-இல் ஒரு பட்டியல் போட்டார், 2^ப − 1 பகா எண்ணாக வரும் ப-க்கள் என்று 257 வரைக்கும். அதில் 67 இருந்தது. 1876-இல் லூகாஸ் 2^67 − 1 பகு எண் என்று காட்டிவிட்டார். காரணி? தெரியாது. 27 வருடம் அப்படியே கிடந்தது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார், ஒரு பக்கம் 2^67-ஐக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார், இன்னொரு பக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு பக்கமும் 147573952589676412927. வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்தார், கூட்டம் கைதட்டியது என்று கதையாகச் சொல்வார்கள். எவ்வளவு நாள் ஆயிற்று என்று பிறகு கேட்டதற்கு ‘மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம். இந்த உரையாடலில் எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கிறதோ, எண்கள் மட்டும் உண்மை, பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மெர்சேன் பட்டியலில் 257-உம் தப்பு, அதோடு 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். ஆனாலும் அவர் பெயரேதான் நிலைத்தது.

1277-க்கு வருவோம். 1952-இல் ராபின்சன் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் என்ற கணினியில் வரிசையாக லூகாஸ்–லேமர் சோதனை ஓட்டினார். அந்த வருடம் மட்டும் ஐந்து புதிய மெர்சேன் பகா எண்கள் கிடைத்தன: 521, 607, 1279, 2203, 2281 அடுக்குகளில். 1279-ஐப் பாருங்கள். நம் 1277-க்குப் பக்கத்து வீடு. 2^1277 − 1-ஐ நான்கால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் 2^1279 − 1, அவ்வளவுதான் உறவு. அது 386 இலக்கப் பகா எண், இதுவோ யாராலும் உடைக்க முடியாத பகு எண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது.

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

மீதி_ஒன்று, நன்றி, நன்றாகப் புரிந்தது. 2047 கணக்கைக் கையாலேயே போட்டேன், 1250-இல் ஒருமுறை வழுக்கி மறுபடி முதலிலிருந்து வந்தேன், கடைசியில் 929 வந்துவிட்டது.

ஆனால் சும்மா இருக்காமல் ஒரு வேலை செய்தேன். 9 வர வேண்டிய இடத்தில் 929 வந்தது, எவ்வளவு தவறியது என்று பார்த்தால் 929 − 9 = 920. அதற்கும் 2047-க்கும் மீ.பொ.வ எடுத்தேன். 23!! 920 = 23 × 40. காரணி கைக்கு வந்துவிட்டதே? அப்புறம் ஏன் 1277-க்கு இதையே செய்யக் கூடாது? நான் எங்கேயோ தப்பு செய்கிறேன் என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

இரவுக்கணக்கு எழுதியது:

தப்பே செய்யவில்லை, அருமையான கேள்வி, இதற்காகவே எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பிடித்தது நிஜமான காரணிதான், ஆனால் அதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது.

23 பகா எண். ஆகவே 3^22-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 1. நீங்கள் உயர்த்தியது 2046-ஆம் அடுக்குக்கு (அதன் மேல் ஒரு 9). 2046 = 22 × 93. அதாவது 2047-இன் கண்ணால் பார்த்தால் சோதனை தோற்றது, ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் 23-இன் கண்ணால் பார்த்தால் ஜெயித்திருக்கிறது. அதனால்தான் வித்தியாசம் 23-இன் மடங்காக வந்து மீ.பொ.வ-வில் சிக்கியது. 89-ஐப் பாருங்கள், 88 என்பது 2046-ஐ மீதியில்லாமல் வகுக்காது, அதனால் அது சிக்கவில்லை. இரண்டுமே சிக்காமல் போயிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 1.

1277-இல் நடப்பது அதுதான். இரண்டு, மூன்று, எத்தனை காரணி உள்ளே இருக்கிறதோ, எல்லாவற்றின் கண்ணிலும் சோதனை தோற்றுப்போகிறது. மீ.பொ.வ 1 என்று வருகிறது. ‘பகு எண்’ என்ற ஒரு துளி செய்தி மட்டும் வெளியே வருகிறது, எப்படி உடையும் என்பது பற்றி ஒன்றும் கசிவதில்லை.

ஆனால் உங்கள் யோசனை சாதாரணமானது இல்லை. ‘காரணியைவிட ஒன்று குறைவான எண் சின்னச் சின்ன எண்களாக உடைந்தால், அதை ஒரு பெரிய அடுக்கில் மாட்டவைக்கலாம்’ என்பதை ஒரு முறையாகவே பொல்லார்டு 1974-இல் எழுதினார். இதை இந்த எண்ணில் ஓட்டிப் பார்க்காதவர்களே கிடையாது. பிறகு நீள்வட்ட வளைகோடுகளை வைத்து லென்ஸ்ட்ரா கொடுத்த முறை, அதிலும் கணக்கில்லாத வளைகோடுகள் ஓட்டிவிட்டார்கள். எதிலும் சிக்கவில்லை. எனவே உள்ளே இருக்கும் மிகச் சிறிய காரணியே ரொம்பப் பெரியதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எண்ணின் வர்க்கமூலம் 193 இலக்கம், சின்னக் காரணி அதுவரைக்கும் போகலாம்.

நீங்கள் சொன்ன ‘2-ஆல் வகு, 3-ஆல் வகு’ முறைக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 2^1277 − 1-இன் எந்தப் பகாக் காரணியும் 2554-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும், அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். (2047-இல் சரிபாருங்கள், 23 = 22 + 1, 89 = 88 + 1, 8-ஆல் வகுத்தால் முறையே 7, 1.) இந்த வடிகட்டியைப் போட்டால் முதலில் நிற்பவை 7663, 10217, 17879, 20433, 28095. இவற்றில் முதல் மூன்றும் 79 × 97, 17 × 601, 19 × 941, அடுத்தது 3-ஆல் போகிறது, அதற்கடுத்தது 5-இல் முடிகிறது. பகா எண் இல்லாததால் எல்லாம் அவுட். ஆறாவது 30649, அது பகா எண். அதாவது இந்த எண்ணை வகுத்துப் பார்க்க லாயக்கான முதல் எண்ணே 30649! அதற்குக் கீழே இருக்கும் மூவாயிரத்துச் சொச்சம் பகா எண்களைத் தொடவே வேண்டாம். 30649-ஆலும் போகவில்லை என்பது வேறு கதை. இவ்வளவு வடிகட்டியும் 193 இலக்கத்துக்கு முன்னால் இது கடலை ஸ்பூனால் இறைப்பதுதான்.

ஒன்றும்_புரியல எழுதியது:

385 இலக்க எண்ணை உடைத்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

இரவுக்கணக்கு எழுதியது:

இந்த எண்ணை உடைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பகு எண்ணா என்று சொல்வது சுலபம், உடைப்பது கஷ்டம்’ என்ற இந்த இடைவெளியில்தான் ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டுப் பூட்டு நிற்கிறது. சாவி செய்பவர் இரண்டு பெரிய பகா எண்களைத் தேட வேண்டும், அதற்கு மேலே பார்த்த மாதிரிச் சோதனைகள் போதும், கண்ணிமைக்கும் நேரம். உடைக்க வருபவர் காரணி தேட வேண்டும். ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்கச் சவால் எண்ணை 2020 பிப்ரவரியில்தான் உடைத்தார்கள், ஒரே ஒரு கணினி மையக்கரு வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 2700 வருட உழைப்பு அது.

2^1277 − 1 போன்ற தனி வடிவ எண்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அந்த வடிவத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு சல்லடை முறை இருக்கிறது. 320 இலக்க 2^1061 − 1 அந்த வழியில் 2012-இல் உடைந்தது. ஆக 1277 என்றைக்குமே உடையாத ஒன்று இல்லை. யாராவது அவ்வளவு கணினி நேரத்தை இதில் போட மனசு வைக்க வேண்டும், அவ்வளவே.

பழைய_கரும்பலகை எழுதியது:

இதைவிட மோசமான கேஸ் எல்லாம் இருக்கிறது. ஃபெர்மா எண்கள், 2-ஐ 2-இன் அடுக்குக்கு உயர்த்தி ஒன்று கூட்டுவது. ஐந்தாவதான 2^32 + 1 = 4294967297-ஐ 641-ஆல் வகுக்கலாம் என்று ஆய்லர் 1732-இல் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது, நாலே வரி. 641 = 5 × 2^7 + 1, ஆகவே 641-இன் கண்ணில் 5 × 2^7 என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 என்பது 1. ஆனால் 641 = 5^4 + 2^4 என்றும் எழுதலாம், ஆகவே 5^4 என்பது −2^4. போட்டால் −2^32 = 1, அதாவது 2^32 + 1 பூச்சியம். நீண்ட வகுத்தலே இல்லை!

பதினான்காவது ஃபெர்மா எண் பகு எண் என்பது 1960-களிலேயே தெரியும், முதல் காரணி 2010-இல்தான் கிடைத்தது, 54 இலக்கம். இருபதாவதற்கும் இருபத்துநான்காவதற்கும் காரணி எதுவும் தெரியாது. இருபத்துநான்காவதற்கு 50,50,446 இலக்கம், பகு எண் என்று 1999-இல் காட்டினார்கள். அதற்கு முன்னால் 1277 ஒரு பொடிப்பயல்.

நேர்கோடு எழுதியது:

2 பற்றிய திருத்தத்துக்கு நன்றி மீதி_ஒன்று, அவசரத்தில் எழுதிவிட்டேன். எனக்கும் ஒரு கேள்வி. காரணி தெரியாவிட்டாலும் குறைந்தபட்சம் இது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கம் இல்லை என்றாவது சொல்ல முடியுமா?

மீதி_ஒன்று எழுதியது:

அது ஒரு வரி. 4-ஆல் வகுத்தால் மீதி 3, எந்த வர்க்க எண்ணுக்கும் அப்படி வராது. ஆனால் உள்ளே ஒரு பகாக் காரணி இரண்டு தடவை வருகிறதா என்று கேட்டால் அதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. வந்தால் அந்தப் பகா எண் வீஃபெரிஷ் வகையாக (2-ஐ அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதன் வர்க்கத்தால் வகுத்தாலும் மீதி 1 வரும் வகை) இருக்க வேண்டும், அந்த வகையில் தெரிந்தவை 1093, 3511 இரண்டே இரண்டு. இரண்டும் இதை வகுக்காது (30649-க்குக் கீழே எதுவும் வகுக்காது என்று மேலேயே பார்த்துவிட்டோமே). எத்தனை காரணி என்பதும் தெரியாது. இரண்டாக இருக்கலாம், ஐந்தாக இருக்கலாம்.

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

பைதானில் நாலு வரி எழுதி ஓட்டினேன். 1279-க்கு 9 வந்தது. அடுக்கில் 1279-ஐ அழித்து 1277 என்று மாற்றினேன், திரை முழுக்க ஒரு எண் கொட்டியது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அதிலிருந்து 9-ஐக் கழித்து மீ.பொ.வ எடுத்தேன், தெரிந்தேதான் எடுத்தேன். 1.

30649-இலிருந்து வடிகட்டி போட்டு வகுக்க ஒரு நிரலை ஓடவிட்டிருக்கிறேன். பிரயோசனமில்லை என்று தெரியும், யாரும் திட்ட வேண்டாம். மடிக்கணினி சூடாகிவிட்டது, இன்னும் பதினொரு இலக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.